சுவர் ஏன் நனைகிறது? – வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழையோடு வந்தவை. ஏப்ரலில் பின்னேர இடிமழை, மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை என்று கொழும்பு நனையத் தொடங்கியதும் வீடுகள் தம் குறைகளை ஒவ்வொன்றாக வெளிக்காட்டத் தொடங்குகின்றன. எழுதியவர்களில் அநேகர் எந்தப் பொருளை வாங்குவது என்றே கேட்டிருக்கிறார்கள். பழுது எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் ஒருவர் மட்டுமே. ஆகவே சில பதில்கள் கடைக்குப் போக இருந்தவர்களைச் சற்று மறித்து நிறுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: ஐயா, நாங்கள் தொடர்மாடியொன்றின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். படுக்கையறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் மழைக்காலந்தோறும் பெயின்ற் உப்பி உதிர்கிறது. இரண்டு தடவை சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துவிட்டோம். இம்முறை நீர் கசியாத பெயின்ற் வாங்கித் தானே அடிப்பதாக என் கணவர் சொல்கிறார். எந்த வகை நல்லது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: அம்மா, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரு துண்டுத் தடித்த பொலித்தீனும் ஒட்டு நாடாவும் இருந்தால் போதும். நனைந்த இடத்தில் ஓரடிச் சதுரமான பொலித்தீனை வைத்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கத்தில், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உங்களைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். குளிரூட்டி பூட்டிய பக்கத்து அறையின் குளிர் சுவரூடாக வந்து, கொழும்பின் ஈரக்காற்று அச்சுவரில் பட்டதும் ஐஸ் தண்ணீர் ஊற்றிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலச் சுவர் வியர்க்கும். அதற்கு மருந்து பெயின்றில் இல்லை. குளிரூட்டியின் வெப்பநிலையை இரண்டு மூன்று பாகை உயர்த்துவதும், சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியை நாலு விரல் அளவு விலக்கி வைப்பதுமே போதுமானவை.

ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது என்றால், உங்களுடையது இரண்டாம் மாடி என்பதால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் என்ற சாத்தியத்தை முற்றாகத் தள்ளிவிடலாம். மிஞ்சுவன இரண்டு: சுவருக்கு அப்பால் இருக்கும் குளியலறை, அல்லது வெளிச்சுவர். மழைக்காலத்தில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் என் சந்தேகம் வெளிச்சுவரின் மீதுதான். ஆனாலும் குளியலறையைச் சோதித்துவிடுவது நல்லது. நீர் வெளியேறும் துளையைத் துணிப்பந்தால் அடைத்து, தரையில் ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதன் மட்டத்தைச் சுவர் ரைலில் பென்சிலால் குறித்து, ஒரு முழுநாள் வைத்திருங்கள். மட்டம் கண்கூடாகக் குறைந்தால் தரை கசிகிறது. கீழ்மாடியில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சோதனையின் முடிவு அவர்களுடைய கூரையில் முதலில் தெரியவரும்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மேற்குச் சுவர்களுக்கு ஒரு தனித்தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சரிவாகக் கொண்டுவந்து அந்தச் சுவரிலேயே அறைகிறது. மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால் போதும், நீர் உள்ளே போய்விடும். யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதன் விளிம்பருகே நீர் சொட்டி விழுவதற்கென ஒரு சிறிய காடி வெட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலோ, பழைய பெயின்றால் அடைபட்டிருந்தாலோ, நீர் தட்டின் அடியால் தவழ்ந்து சுவருக்கு வந்துவிடும். யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சிலிக்கன் காய்ந்து பிளந்திருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். யன்னலோரத்தில் புகும் நீர், பல வேளைகளில் இரண்டடி கீழே தளத்தின் மட்டத்தில்தான் வெளிப்படும்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டட மேற்பார்வை வேலையில் பல வருடம் இருந்த நான், என் வீட்டுக் கூடத்தின் சுவருக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று முறை பெயின்ற் அடித்தேன். நான்காம் ஆண்டு, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது குடையோடு வெளியே போய் நின்று பார்த்தேன். கூரைநீரை ஏந்திச் செல்லும் பீலியின் மூட்டு ஒன்றிலிருந்து நீர் சுவரோடு ஒட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த அரைமணி நேரமும் இடைவெளியை அடைக்கும் சீலன்ற் ஒரு குழாயும் போதுமாக இருந்தன.

வெளியே வழியை அடைத்த பிறகுதான் உள்ளே வேலை. நனைந்த பூச்சை, கறை தெரியும் எல்லைக்கு அப்பால் ஓரடி வரை தட்டி எடுத்துவிடுங்கள். வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி எடுக்க வேண்டும். தண்ணீரால் கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். சுவர் உலர வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு ஆற்றுமணல் என்ற அளவில் புதிதாகப் பூசுங்கள். கழுவப்படாத கடல்மணலைப் பாவித்தால் உப்பை விலை கொடுத்து வாங்கிச் சுவரில் வைத்ததாகிவிடும். புதிய பூச்சுக்கு 28 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, காரத்தைத் தாங்கும் பிறைமரும் பிறகு இரண்டு தடவை இமல்ஷனும் அடிக்கலாம். உங்கள் கணவர் இவை எல்லாவற்றையும் தம் கையால் செய்யலாம். வெளிச்சுவர் வேலையை மட்டும் அவர் செய்யக்கூடாது. உயரம் ஒரு காரணம். தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிச்சுவர் போன்றவை பொதுப்பகுதிகளாகவே கருதப்படுவது மற்றொரு காரணம். தொடர்மாடியை நிர்வகிக்கும் உங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். படங்களையும் இணையுங்கள். வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த நாட்களில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீர் கசியாத பெயின்றை உட்புறத்தில் அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பீர்கள். நீர் உள்ளே வந்துகொண்டேதான் இருந்திருக்கும். வெளியேற வழியில்லாமல் சில மாதங்களில் பெயின்றைத் தோசை அளவுக்கு உரித்துத் தள்ளியிருக்கும்.

*

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. புத்தகத் தட்டு ஒன்றைச் சுவரில் பொருத்த முயன்றேன். ட்றில் போட்டால் சிறு துளை விழ வேண்டிய இடத்தில் பெரும் பள்ளம் விழுகிறது. ஸ்குறூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் ஆடுகிறது. ட்றில் பழுதா, கை பழுதா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இரண்டும் பழுதில்லை. சுவரின் இனம் தெரியாமல் துளைத்திருக்கிறீர்கள். ட்றில் வெளியே தள்ளும் தூளின் நிறம் அதைச் சொல்லிவிடும். முதலில் வெள்ளையாக, மாவுபோல வருவது சுண்ணாம்புப் பூச்சு. பழைய வீடுகளில் அதன் தடிப்பு ஓரங்குலத்துக்கும் மேலே இருக்கும். அதற்குப் பிறகு செங்கல்லின் சிவப்பு வரலாம். அல்லது மஞ்சளும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் கபொக் கல், அதாவது செம்புரைக்கல் வரலாம். சாம்பல் நிறம் வந்தால் அது பிற்காலத்தில் கட்டிய சீமெந்துக் கல். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது சுண்ணாம்புப் பூச்சின் கீழ் கபொக்.

கபொக் கல்லுக்குச் சம்மட்டி அடி ஆகாது. ட்றில்லில் உள்ள சுத்தியல் குறியிலிருந்து விசையை வெறும் சுழற்சிக்கு மாற்றுங்கள். 6 மில்லிமீற்றர் பிளக்குக்கு முதலில் 5 மில்லிமீற்றர் அலகால் துளையிட்டுப் பார்த்து, இறுகினால் மட்டும் அடுத்த அளவுக்குப் போங்கள். பூச்சுக்கு உள்ளே நிற்கும் பிளக் எதையும் தாங்காது. கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்கக்கூடிய நீள ஸ்குறூவைத் தேர்ந்தெடுங்கள். ஓரங்குலப் பூச்சும் முக்கால் அங்குலப் பலகையும் இருந்தால் மூன்றே கால் அங்குல ஸ்குறூ வேண்டும். கடையில் பிளக்கோடு சேர்த்துப் பொதியாகத் தரும் ஒன்றரை அங்குல ஸ்குறூ கண்ணாடிப்படம் தொங்கவிடத்தான் உதவும்.

புத்தகம் பாரமான பொருள். மூன்றடித் தட்டை நிறைத்துப் புத்தகம் அடுக்கினால் முப்பது கிலோவை எளிதில் எட்டிவிடும். அந்தப் பாரத்தை இரண்டு துளைகளில் ஏற்றாமல், தட்டின் நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தைச் சுவரில் ஐந்தாறு ஸ்குறூக்களால் இறுக்கி, தட்டுத் தாங்கிகளை அச்சட்டத்தில் பொருத்துங்கள். ஒரு துளை பிசகினாலும் மற்றவை தாங்கும். ஏற்கெனவே விழுந்த பள்ளங்களை முரட்டுச் சீமெந்தால் அடைக்காதீர்கள். மென்மையான சுண்ணாம்புப் பூச்சின் நடுவே இறுகிய சீமெந்துத் துண்டு நின்றால், சில காலத்தில் அதைச் சுற்றி வட்டமாக வெடிக்கும். சுண்ணாம்பு கலந்த சாந்தையே பாவியுங்கள்.

ஒரு கட்டாயமான எச்சரிக்கை. சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், பிளக் பொயின்ற்றுக்குப் பக்கவாட்டிலும் துளையிட வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்த நேர்கோடுகளில்தான் ஓடும். பழைய வீடுகளில் அந்த ஒழுங்கும் இராது என்பதால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மின்கலத்தில் இயங்கும் ட்றில்லை அயலவரிடம் இரவல் வாங்கித் துளைப்பது உத்தமம். சொந்தமாக வாங்கத்தான் வேண்டும் என்றால், புறக்கோட்டைக்கு அப்பால் பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். வீட்டு வேலைக்கு 13 மில்லிமீற்றர் வாயுள்ள சாதாரண ட்றில் போதும்.

*

கேள்வி: கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு 13 அம்பியர் பிளக் பொயின்ற் வேண்டும். காணொளிகளில் பார்த்தபோது சுலபமாகத்தான் தெரிகிறது. பக்கத்துச் சுவிட்சிலிருந்து வயர் இழுத்து நானே போட்டுவிடலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: கூடாது. இந்தப் பகுதியில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பதில் எழுதுவது அரிது. ஆனால் காரணத்தைச் சொல்லாவிட்டால் நீங்கள் எப்படியும் செய்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

மின்குமிழுக்குப் போகும் சுவிட்சின் வயர் மெல்லியது. அது சில நூறு வற்றுக்கு மேல் சுமக்கும் என்று எண்ணி எவரும் அதை இழுப்பதில்லை. நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற். 13 அம்பியர் பொயின்ற்றில் ஏறத்தாழ 3,000 வற் வரை எடுக்கலாம். இன்று நீங்கள் கைபேசிக்கு மின்னேற்றத்தான் கேட்கிறீர்கள். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் அதே பொயின்ற்றில் மின்னழுத்தியைச் செருகுவார். சுவருக்குள் வயர் சூடேறுவது யார் கண்ணுக்கும் தெரியாது. அதோடு, சுவிட்சுப் பெட்டிக்குள் நில இணைப்பு வயரோ நியூட்ரல் வயரோ இல்லாமலே இருக்கலாம். நில இணைப்பு இல்லாத மூன்று துளைப் பொயின்ற், பூட்டு இல்லாத கதவுக்குத் திறப்புத் துளை வைத்ததைப் போன்றது.

நிறங்களும் ஆளை ஏமாற்றும். பழைய வயரிங்கில் சிவப்பு உயிர் வயர், கறுப்பு நியூட்ரல், பச்சை நிலம். புதியதில் மண்ணிறம் உயிர், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலம். ஒரே வீட்டில் இரண்டும் கலந்து கிடப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். முன்னர் வேலை செய்தவர் கையில் கிடைத்த நிறத்தை எடுத்துப் பாவித்திருந்தால் கதை இன்னும் மோசம். ஆகவே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரை அழையுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. மின்பகிர்வுப் பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்றிப் சுவிட்ச் இருக்கும். அதில் பரீட்சித்துப் பார்ப்பதற்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரப் பொருள். அன்றைக்கே மாற்ற வேண்டும். வீடுகளில் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுவதையே போட வேண்டும், ஏனென்றால் ஆளைக் காப்பாற்றும் அளவு அதுதான். மழைநாளில் அது அடிக்கடி விழுகிறது என்று சொல்லி, அதைத் தவிர்த்து நேராக வயரைக் கொடுத்துவிடும் ‘கெட்டிக்காரர்’களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்ததாக, சதுர முள் பிளக்குகளைத் திறந்து உள்ளிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 700 வற்றுக்கு உட்பட்ட மேசை விளக்கு, வானொலி போன்றவற்றுக்கு 3 அம்பியர். கேத்தல், மின்னழுத்தி போன்றவற்றுக்கு 13 அம்பியர். எல்லாவற்றிலும் 13 போட்டிருந்தால், மெல்லிய வயர் எரிந்த பிறகே ஃபியூஸ் எரியும். குளியலறைக்கு உடனடி நீர்சூடாக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே மின்னிணைப்பாளரிடம் சொல்லுங்கள். 3,500 வற் சூடாக்கி 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குப் பெட்டியிலிருந்தே தனி வயர் வேண்டும். ஒரே நாளில் இரண்டு வேலையும் முடிந்தால் கூலியும் மிச்சம்.

*

கேள்வி: அஸ்பெஸ்டஸ் சீற் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மகன் மேலே ஏறிப் பாசியை இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டு, வெடிப்பை அடைத்துப் பெயின்ற் அடிக்கலாம் என்கிறான். கூலிக்கு ஆள் பிடிப்பதை விட இது நல்லதுதானே?
– மட்டக்குளி வாசகி

பதில்: மகனின் நல்லெண்ணத்தை மெச்சுகிறேன். ஆனால் அந்த இரும்புத் தூரிகையை முதலில் அவன் கையிலிருந்து வாங்கி வையுங்கள். அஸ்பெஸ்டஸ் சீமெந்தோடு இறுகிக் கிடக்கும் வரை ஆபத்துக் குறைவு. உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ, வெட்டினாலோ, துளைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. நோய் தெரியவர இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் இலங்கையில் தடை செய்யப்பட்டதைக் காட்டி, இப்போதைய சீற்றில் இருப்பது வெள்ளைதான் என்று கடைக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. வேகமாகப் பீய்ச்சும் நீர்க்கருவியும் வேண்டாம். அது பாசியோடு சீற்றின் மேற்பரப்பையும் சீவி அயல்வீட்டு முற்றத்தில் தெளிக்கும்.

இதைவிட உடனடியான ஆபத்து வேறொன்று. பழைய சீற் ஆளின் பாரத்தைத் தாங்காது. பார்வைக்குத் தரைபோல இருக்கும், கால் வைத்ததும் உடையும். இந்த வேலையில் ஆட்கள் கூரையின் ஓரத்தால் மட்டுமல்ல, கூரை வழியாகவும் விழுகிறார்கள்.

ஒழுக்கைக் கீழே நின்றபடி கண்டுபிடியுங்கள். மழை பெய்யும் பகலில் உட்கூரைக்குள் கைவிளக்குடன் பாருங்கள். பெரும்பாலும் சீற்றில் வெடிப்பே இராது. சீற்றை வளையோடு பிடித்திருக்கும் கொளுக்கியாணியின் கீழுள்ள வாஷர் வெயிலில் இறுகித் தூளாகியிருக்கும். நீர் அந்தத் துளையால் இறங்கி, வளை மரத்தின் வழியே ஓடி, வேறிடத்தில் சொட்டும். அப்படியென்றால் வேலை, பழைய ஆணியின் தலையில் புது வாஷரும் சீலன்றும் வைப்பதோடு முடிந்துவிடும். அதைக்கூட வளைகளின் மேல் குறுக்காகப் பலகை போட்டு, பலகையில் மட்டும் கால் வைத்து, இடுப்பில் கயிறு கட்டி வேலை செய்து பழகியவர் செய்யட்டும். தொட வேண்டிய இடத்தை முன்னரே நீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும். முகத்துக்குச் சத்திரசிகிச்சை முகமூடி பயன்படாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். உடைந்த துண்டுகளைக் கூட்டித் தள்ளாமல், நனைத்து, தடித்த பொலித்தீன் பைக்குள் இட்டுக் கட்டி, மாநகர சபையிடம் கேட்டு ஒப்படையுங்கள். மகனுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் அடுத்த கடிதத்துக்குரிய வேலை இருக்கிறது.

*

கேள்வி: வீட்டைச் சுற்றிப் போட்ட பீலியில் தண்ணீர் தேங்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். பீலியைக் கழற்றி எறிந்துவிடலாமா?
– முகத்துவாரம் வாசகர்

பதில்: எறிவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை ஒரு முனையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் மறுமுனைக் குழாயை நோக்கித் தயங்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் தாங்கி தளர்ந்து பீலி தொய்ந்திருக்கிறது. பத்தடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். நம் ஊர் மழைக்கு அரை அங்குலம் கொடுத்தாலும் தவறில்லை. ஒரு நூலை இரு முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, அதை அளவாக வைத்துத் தாங்கிகளை ஏற்றியிறக்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடியும். தாங்கிகளுக்கு இடைவெளி இரண்டடிக்கு மேல் இருந்தால் புதிதாக ஒன்றிரண்டு சேருங்கள். ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதகரைக் குறைசொல்ல முடியாது. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தேங்கிய நீர் உங்கள் வீட்டில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வாரமே போதும் என்பதால், மாமரமோ வேப்பமரமோ கூரைமேல் சாய்ந்திருக்கும் வீட்டில் மழைக்காலத்தில் வாரத்துக்கொரு முறை சருகு எடுத்தாக வேண்டும். அது முடியாத வீட்டில், மரத்தடிப் பக்கத்துப் பீலியை மட்டும் கழற்றிவிட்டு, கூரை நீர் விழும் கோட்டில் ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் பரப்பி வடிகாலுக்குச் சரிவு கொடுப்பதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கழற்றுவதானால் அந்தச் சுவரின் அடிப்பகுதியில் தெறிக்கும் நீரையும் யோசித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வெள்ளவத்தை வாசகியின் கடிதத்தை நீங்கள் எழுதுவீர்கள்.

*

கேள்வி: கடற்கரைப் பக்கம் என்பதால் கதவுப் பிணைச்சல்கள் இரண்டு ஆண்டில் துருவேறிவிடுகின்றன. துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன்.
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: அதிலும் தரம் உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 என்ற தரம். உப்புக்காற்றுக்கு 316 கேட்டு வாங்குங்கள், அல்லது நல்ல கனமான பித்தளை. ஸ்குறூவும் அதே உலோகமாக இருக்கட்டும்.

*

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு நானே பெயின்ற் அடிக்கப் போகிறேன். கடைக்காரர் ஒருவர் பத்து லீற்றர் என்கிறார், மற்றவர் நாலு போதும் என்கிறார். கதவுகளுக்குப் பழைய எனாமல் பெயின்ற் இருக்கிறது. அதையும் தேய்த்து அடிக்க வேண்டும்.
– மருதானை வாசகர்

பதில்: இரண்டு பேரையும் விட்டுவிட்டு நாடாவை எடுங்கள். நான்கு சுவர்களின் நீளம் 44 அடி. உயரம் பத்தடி என்று வைத்தால் 440 சதுர அடி. ஒரு கதவும் ஒரு யன்னலும் கழிந்தால் ஏறத்தாழ 400, அதாவது 37 சதுர மீற்றர். இரண்டு தடவைக்கு 74. ஒரு லீற்றர் இமல்ஷன் ஒழுங்கான சுவரில் பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றரை மூடும் என்பதால் ஆறு முதல் ஏழரை லீற்றர் வரை வேண்டும். நாலு லீற்றர் வாளி இரண்டு வாங்குங்கள். முதலில் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டால், இரண்டுக்கும் இடையே இருக்கக்கூடிய நிற வேறுபாடு சுவரில் தெரியாது. மிச்சத்தை இறுக மூடி வையுங்கள், பிள்ளைகள் சுவரில் கிறுக்கும் நாள் வரும்.

கதவு வேறு விடயம். 2013 முதல் நமது நாட்டில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு உச்ச வரம்பு உண்டு. அதற்கு முன்னைய எனாமலில் ஈயம் அதிகம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் படியும். சிறு பிள்ளைகள் விரலோடு அதை வாய்க்குள் கொண்டுபோவார்கள். நீரில் பாவிக்கக்கூடிய சாண்ட்பேப்பரை வாங்கி, நனைத்து நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை எறிந்துவிடுங்கள். கதவை முற்றத்துக்குக் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது. தீயால் சுட்டு உரிக்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். புகையிலும் ஈயம் இருக்கும்.

*

கேள்வி: ஐயா, நான் வீட்டில் தனியாக இருக்கும் பெண். சின்ன வேலைக்கும் பாஸ் ஒருவரைத் தேடி, அவர் ‘நாளைக்கு வாறன்’ என்று சொல்லி, ஒரு வாரம் போய்விடுகிறது. நானே கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எந்த வேலையில் தொடங்கலாம்?
– கிராண்ட்பாஸ் வாசகி

பதில்: தங்கை, சொட்டும் தண்ணீர்க் குழாயில் தொடங்குங்கள். பிழைத்தால் நனைவதைத் தவிர வேறு சேதம் இல்லை, சரியாகிவிட்டால் அன்றிரவே அதன் பலன் காதுக்குக் கேட்காமல் தெரியும்.

முதலில் வீட்டுக்கு நீர் வரும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து மூடிப் பாருங்கள். தண்ணீர்த் தாங்கி இருந்தால் அதன் கீழ் இன்னொன்று இருக்கும். பல வருடம் தொடாத வால்வு இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகாமல், சிறிது எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பழக்குங்கள். இந்த ஒரு பழக்கம், நள்ளிரவில் குழாய் வெடிக்கும் நாளில் உங்கள் வீட்டைக் காப்பாற்றும்.

பிறகு, மூடிய குழாயைத் திறந்து மிஞ்சிய நீரை வடியவிட்டு, கைப்பிடியின் ஸ்குறூவைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்டை ஸ்பானரால் இடப்பக்கமாகத் திருகி வெளியே எடுங்கள். அதன் அடியில் தேய்ந்து பள்ளம் விழுந்த கறுப்பு வாஷர் இருக்கும். அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை ஹாட்வெயார் கடைக்குப் போங்கள். ‘அரை அங்குலம்’ என்று வாயால் கேட்டு வாங்குபவர் இரண்டு தடவை போக வேண்டி வரும். புதியதைப் போட்டு, எடுத்த ஒழுங்கிலேயே மறுபடி பூட்டுங்கள். குழாயையே முழுதாக மாற்றுவதானால், திருகு வரிகளில் வெள்ளை நாடாவை வலஞ்சுழியாகப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பூட்டும்போது அது உரிந்து வந்துவிடும். கால் வாசி இறங்கிய குழாயில் இறுக்கமே இல்லாவிட்டால் கழற்றி, இன்னும் நாலு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். நவீன வகைக் குழாய் என்றால் வாஷர் இராது, உள்ளே பீங்கான் தட்டுள்ள உருளை ஒன்று இருக்கும். அதையும் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் மாற்றிக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்குமுன் தொட்டியின் நீர்த்துளையைப் பழைய துணியால் அடைத்துவிட மறக்க வேண்டாம். கைப்பிடியின் சின்ன ஸ்குறூ கைதவறி விழுந்தால் நேரே அந்தத் துளையைத்தான் தேடிப் போகும்.